பத்துப் பேரின் உறக்கமும் இருபதாயிரம் பிள்ளைகளின் பாலும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைக் குறித்து உறுப்பினரிடையே ஒரு வழக்கு நடந்து வருகிறது. வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பள்ளித் தேர்வுகளில் பின்தங்கிவிடுகின்றனர் என்பார் ஒரு சாரார். தாய்மொழி கற்ற பிள்ளைக்கு ஏனைப் பாடங்களும் எளிதில் வரும் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் நாலைந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லிச் சான்று காட்டுகின்றனர். அச்சான்றை நம்பித் தம் பிள்ளையை நிறுத்திவிட்ட பெற்றோரும் உளர். நாலைந்து பேரை வைத்துக்கொண்டு இத்தகைய முடிவுக்கு வரலாமா, வரலாமெனில் எவ்வளவு தூரம் துணியலாம் என்னும் வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டவர் ஒருவர் உண்டு. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். அயர்லாந்து நாட்டில் பீர் வடிக்கும் ஆலையொன்றில் ஊழியம் பார்த்தவர்.

வில்லியம் சீலி காசெட் என்பது அவர் பெயர். 1876-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்று, 1899-இல் டப்ளின் நகரத்துக் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். ஆலைக்கு வேண்டிய பார்லி முதலியவற்றைச் சோதித்து எது மேல் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. சோதனை ஒவ்வொன்றுக்கும் பணமும் பருவமும் செலவாகும். ஆகவே கைக்குக் கிட்டும் எண்கள் மிகச் சிலவே. அக்காலத்துக் கணித வல்லுநர் வகுத்திருந்த முறைகளோ எண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால்தான் பொருந்தும். காசெட் 1906-இல் லண்டனுக்குச் சென்று, கார்ல் பியர்ஸனின் ஆய்வுக்கூடத்தில் தங்கி இதனை ஆராய்ந்தார். 1908-இல் ‘பயோமெட்ரிகா’ என்னும் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டார். ஊழியர் தம் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை நிருவாகம் அனுமதியாமையால், ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன், என்று புனைபெயர் இட்டுக்கொண்டார். பின்னர் ஃபிஷர் என்னும் அறிஞர் அம்முறையை விரித்து, 1925-இல் வெளிவந்த தம் நூலின் வாயிலாக எங்கும் பரப்பினார். இன்று உளவியலிலும் கல்வியியலிலும் ‘டி சோதனை’ என்று வழங்குவது இதுவே.

அக்கட்டுரையில் காசெட் முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டது பார்லியை அன்று, உறக்கத்தை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மனநோய் மருத்துவமனை ஒன்றில், பத்து நோயாளிகளுக்கு இருவேறு உறக்க மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, உறக்கம் எத்தனை மணி கூடிற்று என்று 1905-இல் குஷ்னி, பீபிள்ஸ் என்னும் இருவர் வெளியிட்டிருந்தனர். முதல் மருந்தால் சராசரியாக 0.75 மணி கூடிற்று, இரண்டாவதால் 2.33 மணி. (மருந்துகளின் பெயர்களைக் காசெட் தம் கட்டுரையில் பிழையாகக் குறித்தார் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் கண்டனர். நல்ல வேளையாகக் கணக்கு அதனால் கெடவில்லை.) ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டாம் மருந்து எவ்வளவு மிகுதியாக உறக்கம் தந்தது என்று பார்த்தால் வரும் பத்து எண்கள் இவை: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இவற்றின் சராசரி 1.58 மணி.

இரண்டாம் மருந்தே மேல் என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இம்முறையில் வாதம் மறுபுறத்திலிருந்து தொடங்குகிறது. இரு மருந்துகளுக்கும் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். கருதுகோள் என்பது அதுவே. அது மெய்யாயின், வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய சராசரி வருவது எத்துணை அரிது என்று பின்னர்க் கேட்க வேண்டும்.

அதற்கு எண்கள் தமக்குள் எவ்வளவு சிதறியுள்ளன என்று அறிதல் வேண்டும். ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கப்படுத்திக் கூட்டி, ஒன்பதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் 1.23 வரும். பத்தால் வகுக்காமல் ஒன்பதால் வகுப்பானேன் எனில், சராசரியைக் கண்டறிந்த பின் ஒன்பது எண்கள் தெரிந்தால் பத்தாவது எண் தானே தெரிந்துவிடும், அதற்குச் சுதந்திரமில்லை. அந்த 1.23-ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க 0.389. சராசரியாகிய 1.58-ஐ இதனால் வகுக்க 4.06. இதுதான் டி. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா நான். என் கைக்கு எட்டாத கணக்கு எதுவும் இதில் இல்லை.

காசெட்டின் பெருமை இனித்தான் வருகிறது. எண்கள் மிகப் பல இருந்தால், வேறுபாடு உண்டென்று சொல்ல விடை 1.96-ஐத் தாண்டினால் போதும். தற்செயல் மட்டுமே இயங்கும்போது இருபது முறைக்கு ஒரு முறையே தாண்டக்கூடிய வேலி அது. எண்கள் சில ஆயின், சிதறலைப் பற்றிய நம் மதிப்பீடும் நம்பத் தகாததாகிவிடுகிறது. ஆகவே வேலியை உயர்த்த வேண்டும். பத்துப் பேராயின் 2.26, மூவராயின் 4.30, இருவரேயாயின் 12.71. நாலைந்து பேரைக் காட்டி வாதிடுதல் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு உயரம் தாண்ட வேண்டும் என்று அளந்து சொன்னார். உறக்கக் கணக்கில் வந்த 4.06, வேலியை எளிதாகத் தாண்டுகிறது. மருந்துகள் ஒன்றேயாயின், இரு திசையிலும் சேர்த்து ஆயிரத்தில் மூன்று முறைக்குள்ளாகவே இத்தகைய விடை வரும். இதைக் கொண்டு, இரண்டாம் மருந்து மேலாக இருக்க ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பங்கு சாத்தியம் என்று சொல்வார் உண்டு. படித்தவர்களும் செய்யும் பிழை இது. கருதுகோளை மெய்யெனக் கொண்டு போட்ட கணக்கு, அக்கருதுகோள் மெய்யாக இருக்கும் சாத்தியத்தைச் சொல்லாது. விடை வேலியைத் தாண்டாவிடினும் வேறுபாடு இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டதாக ஆகாது. சான்று போதவில்லை என்பதே பொருள்.

அந்தப் பத்து எண்களில் 4.6 என்பதைப் பாருங்கள். நம்மில் எவரும் வாதிடும்போது முதலில் காட்டும் சாட்சி அந்நோயாளியாகத்தான் இருப்பார். அவரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் சராசரி 1.24-ஆகக் குறைகிறது, டி-யோ 5.66-ஆக ஏறுகிறது! அவர் சராசரியை உயர்த்தியதைக் காட்டிலும் சிதறலைப் பெருக்கியதே அதிகம். விளம்பரங்களில் வரும் ‘ஒரே மாதத்தில் முதல் மாணவன்’ என்ற கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோயாளியின் நினைவு வரும்.

மற்றொன்று இதனினும் முக்கியம். ஒரே ஆளுக்கு இரு மருந்தும் கொடுத்தனர் என்பதை மறந்து, இவர் பத்துப் பேர், அவர் வேறு பத்துப் பேர் என்று கணக்கிட்டால் டி வெறும் 1.86-தான், அங்கே தாண்ட வேண்டிய வேலி 2.10. எண்கள் அவையே, தீர்ப்பு மாறிவிடுகிறது. வட இந்தியக் குளிர்காலத்தில் மெயில் அதிகம் தாமதிக்கிறதா, எக்ஸ்பிரஸ் அதிகம் தாமதிக்கிறதா என்று அறிய வேண்டுமாயின், ஒரே நாளின் இரு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். அன்றைய மூடுபனி இரண்டுக்கும் பொது. கழித்தலில் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

எண்களைப் பெருக்கினால் தொல்லை தீரும் என்று கருதுவோர் ஸ்காத்லாந்தின் லானார்க்‌ஷயரில் நடந்ததை அறிய வேண்டும். 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை, 67 பள்ளிகளில், ஏறத்தாழ 20,000 பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பதினாயிரம் பேருக்கு நாள்தோறும் முக்கால் பைண்ட் பால். மற்றப் பதினாயிரம் பேருக்கு அது இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் எடையும் உயரமும் அளந்தனர். சீட்டுக் குலுக்கியோ பெயரின் அகரவரிசைப்படியோதான் பிள்ளைகளைப் பிரித்தனர். ஆனால் ஒரு பக்கத்தில் மெலிந்த பிள்ளைகள் மிகுந்து காணப்பட்டால் ஆசிரியர் மாற்றிக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்திருந்தனர். அங்கேதான் கெட்டது. ஏழைப் பிள்ளையைக் கண்ட ஆசிரியரின் உள்ளம் இரங்கிற்று. அப்பிள்ளை பால் பெறும் பக்கம் சேர்ந்தது. 1931-இல் இதனை ஆராய்ந்து எழுதிய காசெட், பால் பெறாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே எடையில் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முந்தி இருந்தனர் என்று காட்டினார். மேலும், பிப்ரவரியில் குளிர்கால உடையோடும் ஜூனில் கோடை உடையோடும் நிறுத்திருக்கின்றனர். வசதியுள்ள பிள்ளை கனத்த உடுப்பைக் களைந்து எடை குறைந்தது. ஏழைப் பிள்ளையிடம் களைவதற்கு என்ன இருந்தது? எடைக் கணக்கில் பாலின் பயன் எவ்வளவு, உடுப்பு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லாமற் போயிற்று.

அந்த ஆசிரியர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அவர்களுடைய இரக்கத்தை இருபதாயிரம் என்ற எண்ணால் கழுவ முடியவில்லை. உருவொத்த இரட்டைப் பிள்ளைகள் ஐம்பது இணையைத் தேடிப் பிடித்து, இணையில் ஒருவருக்கு மட்டும் பால் கொடுத்திருந்தால், மிகச் சிறு செலவில் இதைவிட நம்பத்தக்க விடை கிடைத்திருக்கும் என்றார் காசெட்.

இனி நம் வகுப்புக்கு வருவோம். வரும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் வாராத பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் எடுத்து டி கணக்கிட்டால், லானார்க்‌ஷயர்க் கதையே நம் வீட்டிலும் நடக்கும். ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறிப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர், வீட்டுப் பாடத்தையும் கவனிக்கும் பெற்றோராக இருக்கக்கூடும். மதிப்பெண் குறைந்தவுடன் பிள்ளையை நிறுத்திவிடுவோரும் உளர். அப்போது எஞ்சுவோர் எல்லாம் கெட்டிக்காரராகவே தோன்றுவர். பிரிவினைச் செய்தது சீட்டு அன்று; நம் மனப்போக்கு.

இவ்வாண்டு என் யோசனை இது. வகுப்பில் உள்ள இடத்தைவிடப் பெயர்கள் மிகுந்து வந்தால், பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து, சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு இப்போதும் மற்றவருக்கு அடுத்த தவணையிலும் இடம் தரலாம். எந்தப் பெற்றோர் வந்து வேண்டினும், எந்தப் பிள்ளையைக் கண்டு இரங்கினும், சீட்டை மாற்றுதல் ஆகாது. இடையில் நின்றுவிட்ட பிள்ளையையும் கணக்கிலிருந்து நீக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். தவணை முடிவில் இரு பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண் அட்டைகளையும் கொண்டு வந்தால், கழித்தலும் வகுத்தலும் நானே செய்து தருகிறேன். பத்து இணைகள் கிடைத்தால் தொடங்கிவிடலாம். தாண்ட வேண்டிய வேலி 2.26.