கெடு வைத்தது கம்பெனி! இயந்திரம் இன்னும் ஓடுகிறது!

உழைப்பாளி வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது இன்று அதிசயம் அல்ல. பிள்ளை படிக்க வேண்டும் என்று போனஸ் பணத்தில் வாங்கியது ஒன்று. அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்து, இரண்டாம் கையாக வாங்கியது இன்னொன்று. 2011ல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் வேறு. இந்த இயந்திரங்களில் பல, விண்டோஸ் 10 என்ற இயக்க முறைமையில் ஓடுபவை.

இயக்க முறைமை என்றால் என்ன? ஆலையில் மேஸ்திரி செய்கிற வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்கிற மென்பொருள் அது. எந்த வேலை முதலில், எந்தக் கோப்பு எங்கே, யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை என்று பங்கிட்டு நடத்துவது அதுதான்.

2025 அக்டோபர் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்குத் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாப்ட் கம்பெனி. “விண்டோஸ் 11க்கு மாறு” என்கிறது திரை. “இது பழசு, புதிது வாங்கு” என்கிறார் கடைக்காரர். பல மாதக் கூலியைக் கொட்டி வாங்கிய பொருளைத் தூக்கி எறிவதா? கடன்பட்டுப் புதிது வாங்குவதா? இந்தக் கேள்விக்குப் பதில் காண்போம்.

கெடு தாண்டினால் என்ன?

கெடு தாண்டியதும் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. முன்போலவே ஓடும். நின்றுபோனது வேறொன்று. மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் வெளிப்படுகின்றன. மாதந்தோறும் கம்பெனி அவற்றை அடைத்துத் திருத்தம் அனுப்பி வந்தது. அந்தத் திருத்தம் நின்றுபோயிற்று.

“அதனால் என்ன கெட்டுவிடும்?” என்று சவடால் பேச வேண்டாம். 2017 மே மாதத்தில் ‘வானாக்ரை’ என்ற நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயத் தொகை கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. அடி வாங்கியவை திருத்தம் ஏற்றாத இயந்திரங்களே.

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கு பார்க்கிறோம், பி.எப். பார்க்கிறோம், பிள்ளையின் உதவித்தொகைக்கு மனுப் போடுகிறோம். ஆகவே சும்மா இருப்பது வழி ஆகாது. ஆனால் புதிது வாங்குவதுதான் ஒரே வழி என்பதும் பொய்.

தகுதி இல்லை என்றது யார்?

2021 அக்டோபர் 5ந் தேதி வெளிவந்த விண்டோஸ் 11, முறையான விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு இலவசம்தான். ஆனால் வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலி இன்டெல் என்றால், ஒரு சில தவிர, 8ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக வேண்டும். அந்தத் தலைமுறை 2017ல் வந்தது. 2016ல் வாங்கிய கம்ப்யூட்டர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாசலிலேயே நிறுத்தப்படும்.

கம்பெனி ஒரு நியாயம் சொல்கிறது. ரகசியச் சாவிகளை அந்தச் சில்லில் வைத்தால் திருடுவது கடினம் என்கிறது. அது உண்மை, நாமும் ஒப்புக்கொள்கிறோம். புதிய இயந்திரத்தில் சில்லு இருக்கட்டும். பழைய இயந்திரத்தின் ஓட்டையை அடைக்க மறுப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

அடைக்க முடியாது என்பதும் இல்லை. 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுத் திருத்தங்களுக்கு வீட்டுப் பயனருக்கு 30 டாலர் என்று விலை வைத்தது கம்பெனி. நிறுவனங்களுக்கு இயந்திரம் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர். மூன்றாண்டு வரை, ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. பணம் கொடுத்தவனுக்குத் தைக்க முடிகிற கிழிசலைக் கொடுக்க முடியாதவனுக்குத் தைக்க முடியாதா? நூல் அதுதானே, ஊசியும் அதுதானே!

ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் இதே கேள்வியைக் கேட்டன. 2025 செப்டம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. அந்த ஓராண்டுத் திருத்தத்தை ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து மக்களுக்குக் காசில்லாமல் கொடுக்க ஒப்புக்கொண்டது. மற்ற நாட்டாருக்குக் காசில்லாமல் வேண்டுமென்றால், தங்கள் அமைப்புகளைக் கம்பெனிக் கணக்கில் சேமிக்க வேண்டும் என்ற நிபந்தனை நின்றது. கூடிக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பதே இதன் பாடம்.

இந்தக் கெடுவால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. அந்தக் குப்பை எங்கே போகிறது? டில்லியின் சீலாம்பூர் போன்ற இடங்களில் ஏழைத் தொழிலாளர்கள் மின்னணுக் கழிவை வெறுங்கையால் உடைத்துப் பிழைக்கிறார்கள். வாங்கும்போது நஷ்டப்படுபவனும் உழைப்பாளி. எறியும்போது நஞ்சைச் சுவாசிப்பவனும் உழைப்பாளி.

செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை: படங்கள், சான்றிதழ்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். எந்த மாற்றமும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, ‘பி.சி. ஹெல்த் செக்’ என்ற இலவச நிரலைக் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிச் சோதியுங்கள். டி.பி.எம். இல்லை என்று அது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். பல இயந்திரங்களில் சில்லின் வேலையைச் செயலியே செய்யும். ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். பயாஸ் அமைப்பில், இன்டெல் என்றால் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. என்றால் எப்.டி.பி.எம். என்றும் இருக்கும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு அதைத் திறந்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

தேறிவிட்டால், அமைப்புகளில் உள்ள விண்டோஸ் அப்டேட் வழியாகவே மாறலாம். லைசென்சுக்குப் பணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மாறியபின் பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்ப வழி உண்டு. கம்பெனிக் கணக்கின் பாஸ்வேர்டை நோட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வட்டு பூட்டப்பட்டிருந்தால், அதை மீட்கும் சாவி அந்தக் கணக்கில் இருக்கக்கூடும். 4 ஜி.பி. நினைவகம் போதும் என்பது கம்பெனி கணக்கு. நடைமுறையில் நத்தை வேகம்தான். 8 ஜி.பி.யும், பழைய சுழல் வட்டுக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட்டால் வேகம் தெரியும். முழு இயந்திரம் வாங்குவதைவிட அது மலிவு.

தேறாத இயந்திரத்தில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவோர் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தம் வரும் என்று கம்பெனி உறுதி தரவில்லை. ஓட்டையை அடைக்கப் போய் அதே ஓட்டையில் விழக் கூடாது.

அப்படியானால் தேறாதது வீணா? இல்லை. லினக்ஸ் இருக்கிறது. 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்து, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்த்தது. விலை இல்லை, யாரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம். அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22, 2024ல் வந்தது. 2029 வரை திருத்தம் உண்டு. குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் போதும். நமக்கு எட்டாத வித்தை என்று எண்ண வேண்டாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில், 2019ல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை பழகும்போது நாம் ஏன் தயங்க வேண்டும்?

குறையும் உண்டு, மறைக்க மாட்டோம். விண்டோஸுக்கென்றே எழுதிய சில நிரல்கள் இதில் நேராக ஓடா. அதனால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, அச்சுப்பொறியும் வேலைக்கு வேண்டிய நிரலும் சரியாக இயங்கினால் மட்டும் மாறுங்கள். சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய இடங்களில் உள்ள லினக்ஸ் பயனர் குழுக்கள் இதைச் சொல்லிக் கொடுக்கின்றன.

நாம் கேட்பது

பம்புசெட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டி ஓட்டுகிறோம். நல்ல பிட்டர் கையில் ரிங் பிரேம் பல பத்தாண்டு ஓடுகிறது. இயந்திரத்தின் ஆயுளை அதன் தேய்மானம் தீர்மானிக்கட்டும். விற்றவனின் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் கைப்பேசிக்கு ஒரு சட்டம் வந்தது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டுகள் இயக்க முறைமைக்குப் புதுப்பிப்பு தர வேண்டும் என்கிறது அது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கு என ஒரு தளம் தொடங்கியது. திருகாணிக்கும் பாட்டரிக்கும் உள்ள உரிமை மென்பொருளுக்கும் வேண்டும். எத்தனை ஆண்டு திருத்தம் கிடைக்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தைப் புதுச்சரக்கு விற்கும் தூண்டிலாக்கக் கூடாது.

இவை கிடைக்கும்வரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். கந்துவட்டிக்கு வாங்கிப் புது இயந்திரம் வாங்குமுன், பழையதைச் சோதித்துப் பாருங்கள். தொழிற்சங்க அலுவலகத்திலோ படிப்பகத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கம்ப்யூட்டரோடு கூடுங்கள். விவரம் தெரிந்த ஓர் இளைஞரை அழைத்து உட்கார வையுங்கள். தனியாக நிற்பவனைத்தான் திரையில் வரும் எச்சரிக்கை மிரட்டும்.