பத்து ரூபாயில் எத்தனை கோடு?

குட்டீஸ்... வீட்டில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால், ஒன்றை எடுத்து கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பவுர்ணமி அன்று திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பக்கம் போயிருக்கிறீர்களா? மலையைச் சுற்றி 14 கி.மீ., நடக்க, பல மாநிலங்களில் இருந்தும் பக்தர்கள் வருகின்றனர். இளநீர், சுண்டல், கற்பூரம் என்று வாங்கும்போது, அவர்கள் ஊர் சில்லறையும் இங்கே கை மாறுகிறது. அங்குள்ள கடை ஒன்றின் கல்லாவைப் பார்த்தால், ஒரே பத்து ரூபாய், பல முகங்களோடு கிடக்கும்!

ஒன்றில், '10' என்ற எண்ணுக்கு மேலே 15 கோடுகள். இன்னொன்றில் 10 கோடுகள். கோடே இல்லாததும் உண்டு. இதைப் பார்த்துத்தான், '15 கோடு இருந்தால் போலி' என்று யாரோ கிளப்பி விட, தமிழகத்தின் பல ஊர்களில், 'இது செல்லாது தம்பி' என்று நாணயத்தைத் திருப்பித் தர ஆரம்பித்தனர்.

உண்மையில் நடந்தது என்ன?

பத்து ரூபாய் நாணயம் 2009ல் புழக்கத்துக்கு வந்தது. அப்போது நமக்கு ரூபாய்க் குறியே கிடையாது. தமிழரான உதயகுமார் வரைந்த குறியை, 2010 ஜூலை 15ல் தான் மத்திய அரசு ஏற்றது. 2011ல் அது நாணயத்தில் ஏறியபோது, வடிவமும் மாறியது. 15 கோடு 10 ஆனது. ஆக, 15 கோடு உள்ளது அண்ணன். 10 கோடு உள்ளது தம்பி. நாணயம் நோட்டைப் போல் சீக்கிரம் கிழியாது அல்லவா? அதனால் இருவரும் ஒரே நேரத்தில் உலவுகின்றனர். கோடில்லாதவற்றில் சில, அம்பேத்கரின் 125வது பிறந்த ஆண்டு போன்ற நிகழ்வுகளுக்காக வெளியிட்டவை. மொத்தம் 14 வடிவங்கள், எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.

ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். குட்டி வைர வடிவம் இருந்தால், மும்பையில் அடித்தது. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையா? கோல்கட்டா!

சரி, இதிலெல்லாம் சேராத வினோதக் கோடு ஒன்று இருந்தால்? விரலால் தடவுங்கள். மேடாக இருந்தால், பெரும்பாலும் அது நாணயச் சாலையிலேயே வந்தது. அச்சில் விரிசல் விழுந்தால், அழுத்தும்போது உலோகம் அந்த இடுக்கில் புகுந்து மேடாக நிற்கும். பள்ளமாக இருந்தால், பின்னால் யாரோ கீறியிருப்பர். வெளி வளையம் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். அதில் செம்பு அதிகம். வியர்வை, ஈரம், கற்பூரச் சூடு பட்டால் நிறம் மாறும்.

போலி நாணயம் அடித்துப் பிடிபட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், கோடுகளை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வதந்தியால் நஷ்டம் யாருக்கு? தருமபுரி மாவட்டத்தில் கடை வைத்திருந்த ஒரு அம்மாவிடம், மீதிச் சில்லறையாக பத்து ரூபாய் நாணயத்தை யாருமே வாங்கவில்லை. வீட்டில் குவிந்து விட்டது. அக்கம்பக்கத்துச் சிறுவர்கள், செல்லாக் காசு என்று நினைத்து, அதை வைத்து விளையாடவே ஆரம்பித்து விட்டனர்! அதைப் பார்த்த அவரது மகன், 2022ல், ஆறு லட்ச ரூபாய் காரை, பத்து ரூபாய் நாணயங்களைக் கொடுத்தே வாங்கினார்.

2011ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, 1,000 ரூபாய் வரைதான் நாணயமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால், கார் கடைக்காரர் மறுத்திருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் ஒற்றைக் காசுக்கு அந்தச் சாக்கு கிடையாது.