பால் கணக்கும் வலிக் கணக்கும்

மாட்டுங்காவில் இருபத்தைந்து ஆண்டுகளாக வாழும் என் அக்காவுக்கு ஹிந்தியில் கத்திரிக்காய் பேரம் பேசத் தெரியும். ரேஷன் கடையில் சண்டை போடத் தெரியும். தலைவலி மட்டும் தமிழில்தான் வரும். நரம்பியல் நிபுணர் ஹிந்தியில் “எப்படி வலிக்கிறது?” என்று கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, “விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு சொல்லுடி” என்றாள். சொன்னேன். என் ஹிந்தியில் அது வெறும் ‘ரொம்ப வலி’ ஆகிவிட்டது.

இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த அப்பாயின்ட்மென்ட். உள்ளே இருந்தது பத்து நிமிடம். மாதத்தில் எத்தனை நாள் வலி? “நாலஞ்சு நாள் இருக்கும்.” எவ்வளவு நேரம்? “பாதி நாள் போயிடும்.” மாத்திரை? “தாங்க முடியலைன்னா மட்டும்.” கண்ணில் விளக்கடித்து, முழங்காலைத் தட்டிப் பார்த்த டாக்டர், புதிதாக மருந்து எதுவும் எழுதவில்லை. ஆறு வாரம் குறித்துவைத்துக்கொண்டு வரச் சொன்னார். “ஃபீஸ் வாங்கிட்டு வீட்டுப் பாடம் குடுக்கறார்” என்று டாக்ஸியில் வரும் வழியெல்லாம் அக்கா பொருமினாள்.

அக்கா பொய் சொல்லவில்லை. வலியின் கணக்கை நினைவு அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. 1996இல் டொனால்ட் ரெடல்மையரும் டேனியல் கானமனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பரிசோதிக்கும்போதே, நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுக் குறித்தார்கள். பிறகு, மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டார்கள். நினைவில் நின்றவை உச்சத்தில் இருந்த வலியும் கடைசிச் சில நிமிடங்களும்தான். எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நினைவில் அநேகமாக எடுபடவே இல்லை. அக்காவும் படுத்துக் கிடந்த நாட்களை மட்டுமே எண்ணியிருந்தாள். மண்டை கனத்தபடியே சமைத்து, துணி துவைத்த நாட்கள் கணக்கில் சேரவில்லை.

நோட்டு வாங்கித் தந்தேன், தொடவில்லை. கடைசியில் கைகொடுத்தது சமையலறைக் காலண்டர். பால்காரர் வராத நாளுக்குப் பெருக்கல் குறி போடும் அதே கட்டங்களில் வலி தொடங்கிய நேரம், விட்ட நேரம், எந்தப் பக்கம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, விழுங்கிய மாத்திரையின் பெயர், எண்ணிக்கை. கூடவே மாதவிலக்கு, தூக்கம் கெட்ட இரவு, சாப்பாடு தவறிய நாள். எண் போடுவதில்தான் தகராறு. ஏழா எட்டா என்று யோசித்தே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் ‘சமைத்தேன்’, ‘படுத்தேன்’, ‘வெளிச்சம் ஆகவில்லை’ என்றும் எழுதச் சொன்னேன். பிற்பாடு டாக்டர் எண்களைவிட இவற்றைத்தான் அதிகம் விசாரித்தார்.

நேரத்தைக் குறிப்பது சம்பிரதாயத்துக்கல்ல. சிகிச்சை இல்லாவிட்டால் ஒற்றைத் தலைவலி 4 முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். கண்ணைச் சுற்றிக் குத்தும் கொத்துத் தலைவலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரத்துக்குள் விட்டுவிடும்; பலருக்கு இரவில் ஒரே நேரத்தில் வந்து எழுப்பும். இரண்டுக்கும் மருந்து வேறு.

வார்த்தைகளைத் தமிழிலேயே எழுதலாம். 1975இல் ரொனால்ட் மெல்சாக் வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்து ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்தார். நம்மிடம் மட்டும் குறைவா? குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், சுருக்கென்று குத்தல், மதமதப்பு. எல்லாம் வேறு வேறு வலிகள். டாக்டர் முன்னால் திணறாமல், முந்தின நாளே மொழி தெரிந்த யாரிடமாவது உட்கார்ந்து விளக்கி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. மணிக்கொரு தரம் எழுதினால் நாள் முழுக்க வலியையே பார்த்துக்கொண்டிருப்போம். இரவில் ஒருமுறை போதும். இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் கடும் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் என்றால் காலண்டரைத் தேடக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆறு வாரம் கழித்து எண்ணினோம். 42 நாட்களில் வலித்தது 26 நாள். மாத்திரை விழுங்கியது 23 நாள். அக்காவே மலைத்துப்போனாள். டாக்டரின் விரல் நேராக மாத்திரைக் கணக்குக்குத்தான் போனது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரை, வலி நிவாரணியுடன் காஃபின் கலந்த கூட்டு மருந்து. அடிக்கடி தலைவலி வரும் ஒருவர் அத்தகைய மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமால் என்றால் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்கிறது சர்வதேசத் தலைவலி வகைப்பாடு. அக்கா இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். “நான் கேட்டபோது இதைச் சொல்லவில்லையே அம்மா” என்றார் டாக்டர். அக்கா பதில் பேசவில்லை.

அவர் மேற்பார்வையில் நிறுத்தினாள். சில மருந்துகளைத் தானாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. முதல் பத்து நாள் கட்டங்களில் எட்டும் ஒன்பதுமாக இருக்கின்றன. ‘படுத்தேன், படுத்தேன்’ என்று எழுத்தும் கோணலாகிக்கொண்டே போகிறது. அந்த நாட்களில் என்னோடும் பேசவில்லை.

போன மாதக் காலண்டரில் எட்டுப் பெருக்கல் குறிகள். அவற்றில் மூன்று பால்காரர் வராத நாள். எது எதுவென்று தனக்குத் தெரியும் என்கிறாள் அக்கா. டாக்டருக்குத் தெரியாதே என்று சிவப்புப் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.