கரும்பலகையில் மூன்று வரி



எங்கள் நிலையத்தில் தையல் வகுப்புத் தொடங்குமுன் கரும்பலகையில் தினமும் மூன்று வரி எழுதுவேன்: ஓர் ஊக்கமொழி, ஒரு வரலாற்றுத் துளி, ஓர் ஊர்ச் செய்தி.

ஒருநாள் எழுதிய வரலாறு இது. 1927இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்று உரிமை கேட்டார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு என்றது ஆணைக்குழு. ஆனால் 1931இல் ஆண்களைப் போலவே 21 வயதில் கிடைத்தது.

அன்றைய ஊர்ச் செய்தி: வாக்காளர் இடாப்புத் திருத்தம் நடக்கிறது.

வாசித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா மெதுவாகச் சொன்னார்: “அவர் காணாமல் போன பிறகு அண்ணன் வீட்டிலதான் இருக்கிறன். அந்த வீட்டுப் படிவத்தில என்ர பேர் இல்லைப் பிள்ளை. கேட்கவும் வெட்கமாயிருந்தது.”

“கேட்டதால்தானே அக்கா அவர்களுக்கும் கிடைத்தது” என்றேன். பின்னேரம் இருவருமாகக் கிராம அலுவலரிடம் போனோம். படிவத்தை அக்காவே நிரப்பிக் கையொப்பமிட்டார்.

மறுநாள் சோக்கட்டியை வாங்கி, ஊர்ச் செய்தியை அவரே எழுதினார்: “எனது பெயரையும் பதியக் கொடுத்துவிட்டேன்.”

சகோதரி, இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா? இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.