மேகத்துக்கு ஒரு சுரங்கப்பாதை

பெரம்பலூர் ஜில்லாவில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்குப் பட்டறை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அறுத்த வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பட்டறை போட்டு வைத்துவிட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். பட்டறையில் ஐம்பது மூட்டை இருக்கிறது. முப்பதை டவுன் குடோனுக்கு அனுப்பினால் மிச்சம் இருபது. (கணக்கில் நான் வீக். இருந்தாலும் இது வரைக்கும் வரும்.) அனுப்பிய முப்பதும் அங்கே பத்திரமாக இருக்கும். இங்கே காலியான இடத்தில் மக்காச்சோளத்தை அடுக்கிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர், கிளவுட் என்பதும் இப்படி ஒரு குடோன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "லேப்டாப்ல இடம் இல்லையா? கிளவுட்ல போட்டுடு. இங்க அழிச்சிடு. தீர்ந்தது!" என்று யோசனை சொல்லாத மச்சினன் எந்த வீட்டிலும் இல்லை. தீர்ந்தது என்பது வாஸ்தவம்தான். என்ன தீர்ந்தது என்பது பிறகுதான் தெரியவரும்.

சமாசாரம் இதுதான். கிளவுட் கம்பெனிகள் கொடுக்கிற ஆப் பெரும்பாலும் செய்கிற வேலைக்கு ஸிங்க் என்று பெயர். (பாத்திரம் தேய்க்கிற சிங்க் இல்லை. ஆனால் அதிலும் போட்டது காணாமல் போவதுண்டு.) ஸிங்க் மூட்டையை இடம் மாற்றுவதில்லை. இங்கே என்ன இருக்கிறதோ அதே மாதிரி அங்கேயும், அங்கே என்ன இருக்கிறதோ அதே மாதிரி இங்கேயும் வைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு போட்டோவைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். அழித்தால்? அதேதான். அது விசுவாசமான வேலைக்காரன். ஏன் எதற்கு என்று கேட்காது.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டி வடக்கே சுமார் 17 கிலோமீட்டர் போனால் ரஞ்சன்குடி. அங்கே ஒரு கோட்டை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. இப்போது தொல்லியல் துறையின் வசம். சுற்றி அகழி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில். கீழே இருப்பது பேட்டை, உச்சியில் கொடிமேடு. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறு பக்கம் என்று இந்த வட்டாரத்தில்தான் மோதினார்கள். ஆங்கிலேயர் பக்கம் உதை வாங்கிக்கொண்டு திருச்சிக்கு ஓட வேண்டியதாயிற்று. அந்தக் கதை இன்னொரு வாரம். நமக்கு வேண்டியது, கொடிமேட்டையும் பேட்டையையும் இணைக்கிற சுரங்கப்பாதை. மேலே இருப்பவன் கீழே வரலாம், கீழே இருப்பவன் மேலே போகலாம், வெளியே யாருக்கும் தெரியாது. ரொம்ப சௌகரியம். ஆனால் பேட்டைக்குள் எதிரி நுழைந்துவிட்டால், அவனும் அதே வழியாக மேலே போவான். ஸிங்க் என்பது அந்தச் சுரங்கப்பாதை.

இந்த ரஞ்சன்குடியில் என் அக்கா மகன் ஒருவன் கல்யாண போட்டோகிராபர். லேப்டாப் 256 ஜி.பி. இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்தை போட்டோவும் வீடியோவுமாக எடுத்தால் நூறு ஜி.பி. அனாயாசமாகப் போகிறது. (தாலி கட்டுகிற நேரம் என்னவோ அதே பத்து வினாடிதான்.) பழைய ஆல்பங்களையெல்லாம் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தான். அதுவும் நிரம்பியது. வருஷச் சந்தா கட்டி 2 டி.பி. கிளவுட் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

ஊரில் நெட் மெதுவாக வருகிறது என்று ஹார்ட் டிஸ்க்கைப் பெரம்பலூரில் ஒரு நண்பன் கடைக்கு எடுத்துப்போய், மூன்று ராத்திரி உட்கார்ந்து நானூறு ஜி.பி.யை மேலே ஏற்றினான். "எல்லாம் மேல போயிருச்சு மாமா, இனிமே கவலை இல்ல" என்று எனக்கு போன் வேறு. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டும் என்று ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக ஃபார்மட் செய்தான். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். கரண்ட் போனால் நெட்டும் போகும், ஃபைல் கையிலேயே இருந்தால் நல்லது என்று ஆப்பில் 'மிரர்' என்பதைத் தட்டிவிட்டிருந்தான். மேலே ஏற்றியதெல்லாம் கீழே இறங்க ஆரம்பித்தது. நானூறு ஜி.பி., இருநூற்று ஐம்பத்தாறு ஜி.பி.க்குள். பனியன் சைஸ் தப்பாக வாங்கினவர்களுக்குப் புரியும். விடிந்தபோது டிஸ்க் அளவு காட்டுகிற பட்டை சிவப்பு. கேமரா கார்டிலிருந்து நேற்றைய கல்யாணத்தைக் காப்பி செய்ய இடமில்லை.

இடத்துக்காக வாங்கிய கிளவுட், இருந்த இடத்தையும் தின்றுவிட்டது. ஒரு பழைய காதுகுத்து ஃபோல்டரை லேப்டாப்பிலிருந்து அழித்தான். பத்து நாள் கழித்து ஒரு கல்யாண ஃபோல்டர். இங்கிலீஷில் ஏதோ ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. ஓ.கே. தட்டினான். அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு ஓ.கே. தட்டுகிறவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர்?

மாசம் ஒன்று ஆகப்போகிற சமயம், அந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பத்தாம் நாளுக்குப் படம் மாட்ட வேண்டும். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற போட்டோவில் அவர் முகம் நன்றாக இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்தே ஆள் வந்தார்கள். இவன் லேப்டாப்பில் தேடினான், இல்லை. மேலே பார்த்தான், இல்லை. போனில் இல்லை. அப்போதுதான் விஷயம் உறைத்திருக்கிறது. எனக்கு போன் செய்தபோது அவனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை.

"டிராஷ் பாத்தியாடா மாப்ளே?"

"அதுல எதுக்கு மாமா இருக்கப்போவுது?"

இருந்தது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றிலும் சாதாரணக் கணக்குகளுக்கு, அழித்ததை முப்பது நாள் வரை திரும்ப எடுக்கலாம். இவன் கணக்கிலும் முப்பதுதான். கல்யாண ஃபோல்டர் அழித்து இருபத்தாறாவது நாள். கிடைத்துவிட்டது. பத்து நாள் முன்னால் போன காதுகுத்துக்குக் கெடு தாண்டிவிட்டது. அது போனது போனதுதான்.

அந்த வீட்டுக்கு அவனே போய்ச் சொன்னான். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனானாம். அந்த அம்மாள் திட்டவில்லை. "மாமன் மடியில உக்காந்து அழுதானே, அது ஒண்ணுகூடவா இல்ல?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அந்தத் தாய்மாமன் இப்போது வளைகுடாவில். அவர் போனில் தேடியதில், வாட்ஸ்அப்பில் வந்த நாலு படம் அகப்பட்டது. சின்னதாய், கொஞ்சம் மங்கலாய். அதைத்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அந்த நாலு படம் ஏன் பிழைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அவற்றுக்கும் இவன் லேப்டாப்புக்கும் சுரங்கப்பாதை இல்லை!

இனி, டிஸ்க் நிரம்பாமல் இருக்க என்ன வழி என்பது. இது அவ்வளவு கஷ்டமில்லை. கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் ஆப்பில் 'மிரர்', 'ஸ்ட்ரீம்' என்று இரண்டு உண்டு. மிரர் என்றால் மேலே உள்ள அத்தனையும் உங்கள் டிஸ்க்கில் முழுசாக உட்காரும். ஸ்ட்ரீம் என்றால் பெயர் மட்டும் தெரியும். திறக்கும்போதுதான் ஃபைல் இறங்கும். (இறங்கியது கொஞ்ச காலம் ஒரு மறைவான ஃபோல்டரில் தங்கும். அதுவும் இடம் பிடிக்கும்.) மைக்ரோசாஃப்ட் இந்த வசதியை 2017-ல் விண்டோஸ் 10-க்குக் கொடுத்தது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் இருந்தால் அது மேலே மட்டும் இருக்கிறது, உங்கள் டிஸ்க்கில் இல்லை. பச்சை டிக் இருந்தால் இங்கேயும் இருக்கிறது. இங்கே உள்ள காப்பியை மட்டும் விலக்க வேண்டும் என்றால், ரைட் க்ளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. 'டிலீட்' அல்ல. இரண்டுக்கும் மெனுவில் வித்தியாசம் சில மில்லிமீட்டர். வாழ்க்கையில் வித்தியாசம், ஒரு காதுகுத்து.

சந்தேகமாக இருந்தால் ஃபைலின் பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். 'சைஸ்' என்று ஒன்று, 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ஒன்று போட்டிருக்கும். முதலாவது நாலு ஜி.பி., இரண்டாவது பூஜ்யம் என்றால், உங்களிடம் இருப்பது ஃபைல் இல்லை, அதன் விசிட்டிங் கார்டு.

போனிலும் இதே கூத்து. கூகுள் போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால், மேலே பத்திரமாகப் போய்விட்ட படங்களை மட்டும் போனிலிருந்து எடுக்கும். குப்பைத் தொட்டிப் படத்தைத் தட்டினால் இரண்டு இடத்திலும் காலி. மேலே ஏறின படத்துக்கு அறுபது நாள் கெடு, அவ்வளவே. ஓசியில் கிடைக்கிற 15 ஜி.பி.யை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போடுகின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துகொண்டது. பெரியப்பா தினமும் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாவுக்கும் உங்கள் டிகிரி சர்ட்டிபிகேட்டுக்கும் ஒரே பரண்.

சரி, அழிக்காமல் ஒழுங்காக இருந்தால் மேலே பத்திரம்தானே என்கிறீர்களா? பெரும்பாலும் பத்திரம். எப்போதும் என்று சொல்ல முடியாது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் ஆப்பில், ஒரு குறிப்பிட்ட வெர்ஷனில், மாசக் கணக்கான ஃபைல்களைக் காணோம் என்று பலர் அலறினார்கள். 'கணக்கைத் துண்டிக்காதீர்கள், ஆப்பின் ஃபோல்டரை அழிக்காதீர்கள்' என்று கூகுளே சொல்ல வேண்டி வந்தது. பிறகு மீட்க ஒரு கருவியும் கொடுத்தது.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் விசேஷம். அங்கே அரசு ஊழியர்கள் ஃபைல்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காமல் ஜி-டிரைவ் என்ற அரசாங்கக் கிளவுடில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. (ஜி, கவர்ன்மென்ட்டின் ஜி. கூகுளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஆளுக்கு 30 ஜி.பி. டிஸ்க் நிரம்புகிற தொல்லையே கிடையாது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரத்து டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. 858 டெராபைட் எரிந்து போயிற்று. நம்ம போட்டோகிராபர் வைத்திருக்கிற மாதிரி லேப்டாப் என்றால் மூவாயிரத்துச் சொச்சம். வேறு இடத்தில் நகல் இல்லை. காரணம் கேட்டால், அளவு ரொம்பப் பெரிது, அதனால் வெளியே காப்பி எடுக்கும்படி அமைக்கவில்லை என்றார்கள். மேகம் என்று எல்லோரும் மேலே பார்த்துப் பேசுகிறோம். அது யாரோ ஒருவருடைய கட்டடம். அதிலும் பேட்டரி உண்டு, வெல்டிங் உண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போகிற ஆள் உண்டு.

ரஞ்சன்குடிக்குப் பக்கத்துத் தாலுகா குன்னம். உ.வே. சாமிநாதையர் சிறு பிள்ளையாக இருந்தபோது சில காலம் அந்த ஊரில் வசித்திருக்கிறார். பிற்பாடு அவர் சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்ததும், புறநானூற்றை 1894-ல் பதிப்பித்ததும் எப்படி? ஊர் ஊராகப் போய்ப் பல வீட்டு ஏடுகளைச் சேர்த்து ஒப்பிட்டதால். ஒரு வீட்டு ஏட்டில் கரையான் அரித்த எழுத்து, இன்னொரு வீட்டு ஏட்டில் தானாக மறைந்துவிடவில்லை. அந்தக் காலத்து ஏடுகள் ஸிங்க் ஆகவில்லை. புண்ணியம்!

ஆகவே கிளவுட் இருக்கட்டும். சந்தாவை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தனியாக ஒரு காப்பி. எடுத்து முடித்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள். லேப்டாப்பில் சொருகியே விட்டால், 2017 மேயில் வந்த வானாக்ரை மாதிரி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற சாமாசாரம் அதையும் சேர்த்துப் பூட்டும். ஸிங்க் ஃபோல்டரில் பூட்டியதை மேலேயும் கொண்டுபோய் வைக்கும், அதுதான் விசுவாசமாயிற்றே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பீரோவைத் திறந்து, நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கும் தூங்கித் தூங்கியே சாவதுண்டு.

மூன்றாவது காப்பி வேறு ஊரில் இருந்தால் உத்தமம். நம்ம பையன் இதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறான். இப்போது கல்யாண ஆல்பம் கொடுக்கும்போதே, ஒரிஜினல் ஃபைல்களைப் போட்டு ஆளுக்கொரு பென் டிரைவ், பெண் வீட்டுக்கு ஒன்று, பிள்ளை வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுகிறான். பென் டிரைவ் காசு பில்லில். போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனபோது அதைப் பூஜை அறையில் குலதெய்வம் படத்துக்குப் பக்கத்தில் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து வைத்திருந்தார்களாம்.

"குங்குமம் சொருகுற எடத்துல படாம பாத்துக்குங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன் மாமா, என்றான்.