எந்தக் குடும்பம் மன்னித்தது?

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட திருப்பெரும்புதூர் மண்ணில் இன்று நினைவகம் நிற்கிறது. ஆண்டுதோறும் தலைவர்கள் மலர் தூவுகின்றனர். அதே வெடியில் காவலரும் பொதுமக்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் ஒருவரின் பெயரையேனும் நாம் அறிவோமா?

நளினியின் தூக்கு 2000-இல் ஆயுள் தண்டனையாயிற்று. சோனியா காந்தியும் அதற்காகப் பரிந்து பேசியிருந்தார். 2008-இல் பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே சென்று அவரைக் கண்டார். உயர்ந்த செயல், மறுக்கவில்லை. ஆயினும் "குடும்பமே மன்னித்துவிட்டது" என்று மேடைதோறும் முழங்கினோமே, எந்தக் குடும்பம்? மாண்ட காவலரின் மனைவியை யார் கேட்டோம்? ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் நானே, அயலானுக்கு இழைத்த தீங்கை ஈடுசெய்யச் சொல்லாமல் எவரையும் அனுப்புவதில்லை. 2022-இல் எஞ்சியோரும் விடுதலையாயினர். அவ்விடுதலையை நான் எதிர்க்கவில்லை. பிறர் கண்ணீருக்கு நாமே மன்னிப்பு எழுதிக்கொடுத்ததைத்தான் எதிர்க்கிறேன்.