நிபுணரின் நேரம் எங்கே வீணாகிறது?

சிறப்பு மருத்துவர்கள் குறைவு. அவர்களை ஆரம்ப சுகாதார சேவையோடு இணைத்தால் பெரிய மருத்துவமனையில் காத்திருப்போரின் நேரம் பறிபோகும் என்கிறது ஒரு வாதம். பற்றாக்குறை உண்மை. முடிவுதான் தவறு.

ஒன்று: இணைப்பு என்றால் நிபுணரை ஊர் ஊராக அனுப்புவது என்று யார் சொன்னது? 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களே இதற்குப் பதில். பயிற்சி பெற்ற பெண்கள் ஊரிலேயே கண்ணைச் சோதிக்கிறார்கள். விவரங்கள் மருத்துவமனைக்குப் போகின்றன. மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே கிடைக்கும். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மதுரைக்கோ அடுத்த நகரத்துக்கோ பயணப்பட்டால் போதும். இதில் வீணான நேரம் எது?

இரண்டு: யார் நிபுணரிடம் போவது என்பதை நோயாளியின் ஊகத்துக்கு விடுவது ஆபத்து. சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் வலியும் இருக்காது, பெரும்பாலும் மங்கலும் இருக்காது. தெரியாத நோய்க்கு யார் வரிசையில் நிற்பார்?

மூன்று: நிபுணரிடமிருந்து ஊருக்குத் திரும்பும் வழி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை ஊழியர் மூலம் வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. நிபுணர் மாற்றிய மருந்தளவு அந்த ஊழியருக்குத் தெரியாவிட்டால் பழைய மாத்திரையே தொடரும். தெரிவிப்பது மருத்துவமனையின் வேலை. அதை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது.